ஒரு தோளில் நகர்ந்த இரும்புப் பெட்டகம்

வால் ஒயிலாகச் சாய்ந்ததும் அந்த இரும்புப் பெட்டகம் நகர்ந்தது.

ஆளுயரப் பெட்டகம். கரும்பச்சை நிறம், கப்பல் சுக்கான் மாதிரி ஒரு கைப்பிடி, கதவின் நடுவில் வாயைப் பிளந்த சிங்கத்தலை. பத்துப் பேர் சேர்ந்து தள்ளினாலும் அசையாது என்று தெருவே நம்பிக்கொண்டிருந்த பெட்டகம். வால் அதன்மேல் ஒரு தோளைச் சாய்த்து, கைகளைக் கட்டிக்கொண்டு, "அடுத்து என்ன?" என்று கம்பீரமாகக் கேட்கத்தான் வாயைத் திறந்தான். பெட்டகம் சர்ரென்று விலகிக்கொண்டது. வால் தரையில் கிடந்தான்.

"என்ன, படுத்துக்கிட்டுத் துப்பறியறியா?" என்றாள் அண்ணி.

அண்ணி என்றால் வாலுடைய அண்ணன் மனைவி. காப்பீட்டுக் கம்பெனியில் வேலை பார்த்தபோது எரியாத கடைகளின் தீ விபத்துகளையும் சாகாத மாடுகளின் மரணங்களையும் விசாரித்தே கண் பழகியவள். பிறகு, பொய்யைப் பிடிப்பதற்குக் கம்பெனி தரும் சம்பளம் குறைவு, தனியாகப் பிடித்தால் கூலி அதிகம் என்று கண்டுகொண்டு, சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்துவிட்டாள். அண்ணன் வீட்டில் மூன்று வேளை சாப்பிடுவதற்கு ஒரு நியாயம் வேண்டுமே என்று கொழுந்தனும் அதில் உதவியாளன் ஆனான். அவள் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போனதால் தெரு அவனுக்கு வால் என்று பெயர் வைத்தது. வால் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டான்.

அண்ணி பெட்டகத்தை விரல் முட்டியால் தட்டினாள். டொக், டொக் என்றது.

"பிளைவுட்," என்றாள். "மேல பச்சை பெயிண்ட். சிங்கம் பிளாஸ்டிக்."

"சிங்கத்த ஒண்ணும் சொல்லாதீங்க அண்ணி. இந்த ஆபீஸ்ல வாயத் தெறந்து உண்மையச் சொன்னது அது ஒண்ணுதான். 'எல்லாத்தையும் முழுங்கிடுவேன்'னு முதல் நாள்லேர்ந்து காட்டிக்கிட்டே இருந்திருக்கு."

அண்ணியைத் துப்பறியக் கூட்டி வந்த பேக்கரிக்காரம்மா வாசலில் நின்றாள், சிரிக்கவில்லை. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு பெட்டகத்தையே பார்த்தாள். நகர்ந்தது பெட்டகம் அல்ல, அவள் காலடித் தரை என்பதுபோல முகம் வெளுத்திருந்தது.

"நான் காதால கேட்டேனே மேடம்," என்றாள். "நகைய நிறுத்து வாங்கி உள்ள எடுத்துட்டுப் போனாங்க. டணார்னு கதவு சாத்தற சத்தம். அந்தச் சத்தம் கேட்டப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு."

அண்ணி பெட்டகத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். சுவரில் ஓர் ஆணி, ஆணியில் ஒரு பெரிய இரும்புத் தட்டு, பக்கத்தில் ஒரு கனமான கரண்டி. வாலிடம் கண்ணைக் காட்டினாள். வால் எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, கரண்டியை எடுத்து ஓங்கி ஓர் அடி கொடுத்தான்.

டணார்!

"இதே சத்தம்தான்," என்று பேக்கரிக்காரம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

இந்த இடத்தின் கதை சுருக்கமானது. 'ஐந்தே நிமிடத்தில் நகைக்கடன்! ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம்!' என்று வாசலில் பலகை. அதனால் தெருவில் எல்லாரும் இதை ஐந்து நிமிஷக் கம்பெனி என்றே அழைத்தார்கள். கம்பெனியும் சொன்ன சொல் தவறாமல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பதிலுக்கு மரியாதையாக ஜனங்களும், உங்களுக்குக் கடன் கொடுக்க அனுமதி இருக்கிறதா, பதிவு இருக்கிறதா என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இரண்டு தரப்பும் இப்படிக் கண்ணியமாக நடந்துகொண்டதில் போன வாரம் ஒரு காலையில் ஷட்டர் திறக்கவில்லை. டை கட்டிய மேனேஜரைப் போலீஸ் பிடித்து வைத்திருந்தது. முதலாளியைத் தான் பார்த்ததே இல்லை, எல்லாம் போனில்தான் என்று அவன் அழுதுகொண்டிருந்தான். நகைகளை உள்ளறை மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போ, ராத்திரி நான் வந்து பெட்டகத்தில் பூட்டிக்கொள்கிறேன் என்பது முதலாளியின் கட்டளையாம். வாடிக்கையாளர் மனநிம்மதிக்காகத் தட்டில் ஓர் அடி அடிக்கச் சொன்னதும் அவர்தானாம். போலீஸ் இதில் ஒரு வரியையும் நம்பவில்லை. ஆனாலும் பழைய பழக்கத்தில், அண்ணி கேட்டதும் ஷட்டரைத் திறந்து விட்டது.

பேக்கரிக்காரம்மாவின் கதை அதைவிடச் சுருக்கம், அதைவிட மோசம். அவள் அடகு வைத்தது அவளுடைய நகை அல்ல. அவள் நாத்தனாருடையது. நாத்தனார் கடல் கடந்து போய் ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்து, கால் வீங்க நின்று சம்பாதித்ததையெல்லாம் நகையாக்கி, "உங்கள நம்பித்தான் அண்ணி, பீரோவுல வச்சிருங்க" என்று கொடுத்துவிட்டுப் போனவள். பேக்கரியின் பழைய அடுப்பு ரொட்டியை ஒரு பக்கம் கருக்கியும் மறுபக்கம் மாவாகவும் தந்துகொண்டிருந்த சமயம். புது அடுப்பு வாங்கப் பணம் இல்லை, பீரோவில் நகை சும்மாதானே கிடக்கிறது என்று ஒரு நாள் தோன்றியது. முறையான பேங்குக்குத்தான் முதலில் போனாள். "நகை யாரோடதும்மா?" என்று கேட்டார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து திரும்பி வந்தவள், 'ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம்' என்ற பலகைக்குள் நேராக நுழைந்தாள்.

"மாசா மாசம் வட்டியோட கட்டினேன் மேடம். கடைசித் தவணையக் கொண்டுட்டு வந்த அன்னிக்குத்தான் ஷட்டர் சாத்தியிருந்துச்சு," என்றாள் இப்போது. "நாளைக்குக் காலையில நாத்தனார் வந்து இறங்கறா. வந்ததும் பீரோவத்தான் தெறப்பா. என் வீட்டுக்காரருக்குக்கூட இன்னும் தெரியாது. கடையில மாவு பெசைஞ்சுக்கிட்டு இருக்கார்."

வாலுக்குக் கிண்டல் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் கண்ணைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டான். அவனுக்கு அது அபூர்வமான சாதனை.

வேறு வேலையில் ஈடுபடுவதுபோல மூலையில் கிடந்த அட்டைப்பெட்டியைக் கிளறினான். உள்ளே முழுக்கப் பேனா. ஒவ்வொன்றிலும் 'ஐந்தே நிமிடம்' என்று பொன்னெழுத்து. ஒரு கைப்பிடி அள்ளிச் சட்டைப்பையில் செருகினான்.

"வர்றவங்களுக்கெல்லாம் சும்மா குடுப்பாங்க," என்றாள் பேக்கரிக்காரம்மா. "எழுந்து நின்னு கும்பிட்டு, ஜூஸ் குடுத்து, பேனாவும் குடுப்பாங்க."

"அங்கேயே சந்தேகம் வந்திருக்கணும்," என்றாள் அண்ணி. "கடன் குடுக்கறவன் எதுக்கும்மா எழுந்து நிக்கணும்? பேங்க்ல போய்ப் பாருங்க. லட்சக்கணக்குல கடன் குடுப்பான், கவுண்டர்ல இருக்கற ஒத்தப் பேனாவக் கயிறு போட்டுக் கட்டி வச்சிருப்பான். அவன்தான் பொருளோட அருமை தெரிஞ்சவன்."

வால் ஒரு பேனாவை எடுத்து உள்ளங்கையில் கிறுக்கினான். பாதிக் கோட்டில் மை நின்றது. இன்னொன்றை எடுத்தான். அது பாதிக் கோட்டுக்கும் வரவில்லை.

"கம்பெனி மாதிரியே பேனாவும். ஆரம்பம் மட்டும் அமர்க்களம்," என்றான்.

அண்ணி பெட்டகத்தை ஒரு விரலால் தள்ளி, பழைய இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"இதுக்குள்ள நகை இருந்திருக்க முடியாது. இழுப்பறையில வச்ச நகை தினமும் ராத்திரி எப்படியோ வெளிய போயிருக்கு. யார் கொண்டு போனா? அத யார் பாத்திருப்பா?"

"எதிர்த்தாப்ல டீக்கடை இருக்கு அண்ணி. தெருவுல நடக்காததையே பாத்துச் சொல்லுவாங்க. நடந்ததச் சொல்ல மாட்டாங்களா?"

டீக்கடைக்காரர் வாயால் வாழ்பவர். டீ ஆற்றுவது உபதொழில். அண்ணி ஒரு டீ சொன்னாள், அவர் ஒரு கதை தொடங்கினார்.

"ராத்திரியில மொதலாளி வந்தாரா? யார் சொன்னது? என் வீடு இதே மாடிதாங்க. அந்த ஷட்டர் இருக்கே, தூக்கினா தெருவுல இருக்கற அத்தன நாயும் எழுந்திரிக்கும், நானும் எழுந்திரிப்பேன். சாயங்காலம் ஒருக்க சாத்தினா காலையிலதான் தூக்குவாங்க. நடுவுல ஒரு நாள் நான் எழுந்திரிச்சதில்ல, நாயும் எழுந்திரிச்சதில்ல."

"யாரு சாத்துவா?"

"வாட்ச்மேன்தான். மேனேஜர் பைக்க எடுத்துட்டுப் போயிடுவாரு. இவரு பெருக்கி, வெளக்க அணைச்சு, சாத்திட்டுப் போவாரு. பாவங்க, அந்த மனுஷன. மேனேஜருக்கு இவர் மகன் வயசுகூட இருக்காது. வாடா போடாதான். டீ வாங்கிட்டு வா, சிகரெட் வாங்கிட்டு வான்னு விரட்டுவான். இவரு ஒரு வார்த்தை பேச மாட்டாரு. சிரிச்சுக்கிட்டே வருவாரு."

"சாப்பாடெல்லாம்?" என்று அண்ணி சும்மா கேட்பதுபோலக் கேட்டாள்.

"மத்தியானம் இங்கதான். ரெண்டு பன்னு, ஒரு டீ. அதான் எனக்கே புரியாது. தினமும் பெரிய கேரியர் ஒண்ணு தூக்கிட்டு வருவாரு. அத வச்சுக்கிட்டு எங்கிட்ட வந்து பன்னு திம்பாரு."

வால் தலையாட்டினான். "வீட்டுச் சமையல் அப்படி இருக்கும். எனக்கும் அந்த..."

அண்ணி திரும்பிப் பார்த்தாள்.

"...பாக்கியம் கெடையாது. எங்க வீட்ல அமிர்தம்," என்று முடித்தான் வால்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன் தம்பி," என்றார் டீக்கடைக்காரர். "வீட்டுச் சாப்பாட்டுக்குப் பயந்து இங்க வர்றவங்க ஆயிரம் பேரு. அவங்கெல்லாம் கேரியர அந்த ஓடை ஓரமா கவுத்துக் கொட்டிட்டு, கழுவி எடுத்துட்டுப் போவாங்க. இவரு கொட்டினதே இல்ல. வரும்போது கேரியர வீசி ஆட்டிக்கிட்டு வருவாரு. போகும்போது பாத்தா ஒரு பக்கமா தோள் எறங்கியிருக்கும். அந்த வயசுல முதுகுப் பிடிப்பு வரத்தானே செய்யும்!"

அண்ணி டீயைக் கீழே வைத்துவிட்டாள். வாலுக்கு அந்த அடையாளம் தெரியும். அண்ணி பாதி டீயை விட்டுவிட்டு எழுந்தால் எவனுக்கோ ஏழரை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

"வரும்போது காலி, போகும்போது கனம்," என்றான் மெதுவாக. "உலகத்துலயே சாப்பாட்டு நேரத்துக்கு அப்புறம் எடை கூடற கேரியர் இது ஒண்ணுதான் அண்ணி."

"ஐயோ, இல்ல மேடம்!" என்று பேக்கரிக்காரம்மா பதறினாள். "அவரப் போய்ச் சொல்லாதீங்க. தங்கமான மனுஷன். அவருக்கே மூணு மாசச் சம்பளம் பாக்கி. எங்க எல்லாரையும் தேடிப்பிடிச்சு, பாதிக்கப்பட்டோர் குழுன்னு ஒண்ணு ஆரம்பிச்சதே அவர்தான். இன்னிக்கு மூணு மணிக்குக் கூட்டம். அடகுச் சீட்ட எல்லாரும் அவர்கிட்ட குடுக்கணும். வக்கீல் மூலமா ஒண்ணாக் கேஸ் போடப் போறாரு. நான் அங்கதான் கெளம்பிக்கிட்டு இருக்கேன்."

"அடகுச் சீட்டு எங்க?"

"பையில."

"நகலா, அசலா?"

"அசல்தான் வேணும்னாரு."

"வேணும்தானே," என்றாள் அண்ணி. "உங்ககிட்ட அது இல்லன்னா நீங்க நகை வச்சீங்கங்கறதுக்கு இந்த உலகத்துல வேற சாட்சி, கரண்டி அடிச்ச சத்தம் மட்டும்தான்."

கூட்டம் ஒரு டியூஷன் சென்டரில் நடந்தது. பெருக்கல் வாய்ப்பாடு ஒட்டிய சுவருக்குக் கீழே, பிள்ளைகள் உட்காரும் குட்டி பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கூட்டு வட்டி கற்றுக்கொடுக்கும் அறையில் இத்தனை பேர் தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறார்களே என்று வால் நினைத்தான். ஆனால் முகங்களைப் பார்த்தபோது அதைச் சொல்ல மனம் வரவில்லை. முன்வரிசையில் ஒரு கிழவர் அடகுச் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மேஜைக்குப் பின்னால் வாட்ச்மேன். சீருடை இல்லை. கசங்கிய வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை, கண்ணோரம் ஈரம். பக்கத்தில் ஒரு பெரிய பிஸ்கட் டின், பாதிவரை அடகுச் சீட்டுகள்.

"என் சம்பளம் போனது போகட்டும்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். "கதவ நான் தெறந்து விட்டுத்தானே நீங்கெல்லாம் உள்ள போனீங்க? அந்தப் பாவம் என்னத் தூங்க விடலீங்க."

பின்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். பேக்கரிக்காரம்மா அண்ணியை ஒரு பார்வை பார்த்தாள். இந்த மனுஷனையா சொல்கிறீர்கள் என்று கேட்கும் பார்வை. அதற்குள் வாட்ச்மேன் அவளைப் பார்த்துவிட்டார்.

"வாம்மா. சீட்டக் கொண்டு வந்தியா? ஒப்படைச்சேன்னு இங்க ஒரு கையெழுத்து."

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். பேக்கரிக்காரம்மாவின் கை பேனாவுக்குப் போகும் முன் அண்ணியின் கை போனது.

"நான் இவங்க சொந்தக்காரி," என்றாள் பணிவாக. "ஒரு நிமிஷம், இவங்க அட்ரஸ எழுதிக் குடுத்துடறேன். இவங்க கை நடுங்குது பாருங்க."

ஒரு துண்டுத் தாளில் முகவரியை எழுதினாள். பேனா வழுக்கிக்கொண்டு ஓடியது. எழுதி முடித்ததும் பேனாவை விரல்களுக்கிடையில் ஒரு சுற்றுச் சுற்றினாள். வாலும் பார்த்தான். பேனாவின் வாலில், மூடிக்குக் கீழே, சிவப்பு நாடா ஒன்று இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. நகத்தளவு நீளம் தொங்கி, பல்லால் கடித்ததுபோலப் பிய்ந்து நின்றது.

அண்ணி வாலின் காதருகே குனிந்தாள். "நான் வர்ற வரைக்கும் ஒரு சீட்டும் இந்த ரூம விட்டு வெளிய போகக் கூடாது. இவரும் போகக் கூடாது."

"எப்படி அண்ணி நிறுத்தறது?"

"பேசு. உன்ன நிறுத்தச் சொல்லித்தான் இத்தன வருஷம் எல்லாரும் கெஞ்சியிருக்காங்க. இன்னிக்கு ஒரு நாள் கேட்டுக்கோ."

"ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன்" என்று சபைக்குச் சொல்லிவிட்டுப் பேனாவோடு வெளியே போய்விட்டாள். பேனா போனதை வாட்ச்மேன் கவனிக்கும் முன்பே வால் மேஜைக்கு முன்னால் போய் நின்று, கையைக் கூப்பி, பிஸ்கட் டின்னை மூடி, அதன்மேல் உட்கார்ந்தான்.

"அன்பான பெரியவங்களே, தாய்மார்களே!"

வாட்ச்மேன் திருதிருவென்று விழித்தார். "தம்பி, அது டின்னு..."

"இருக்கட்டும் ஐயா. உங்க காலடியில உக்கார எனக்கு ஒரு வாய்ப்பு. இந்தக் காலத்துல யாருங்க இப்படி இருக்காங்க? தனக்கு மூணு மாசச் சம்பளம் வரல. ஆனா ஊர் நகைக்காக அழுவுறாரு. இப்படிப்பட்ட மனுஷனுக்கு இந்தச் சபை ஒரு பாராட்டு தெரிவிக்காமக் கலைஞ்சா, அது நன்றி கெட்ட சபை இல்லையா?"

சபை கைதட்டியது. வாட்ச்மேனுக்கு மறுக்கவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. வால் அவருடைய பொறுமையைப் பாராட்டினான். அவருடைய மீசையைப் பாராட்டினான். கதவைத் திறந்துவிடும் தொழிலின் மகத்துவத்தை உலக வரலாற்றிலிருந்து ஆரம்பித்தான். சபையில் கொட்டாவி பரவியது. ஒருவர் எழுந்து, "தம்பி, பஸ் போயிடும்" என்றார். வால் உடனே பஸ் கண்டக்டர்களின் தியாகத்துக்குத் தாவினான்.

வாலின் வாயில் வார்த்தை வற்றி, வாட்ச்மேன் டின்னோடு சேர்த்து அவனையும் தூக்க எழுந்த நேரத்தில் வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. அண்ணி வந்தாள். பின்னால் ஒரு பெண் இன்ஸ்பெக்டர், இரண்டு கான்ஸ்டபிள்கள்.

"ஐயா," என்றாள் அண்ணி, பேனாவைத் தூக்கிக் காட்டி. "நல்ல பேனா. எங்க வாங்கினீங்க?"

"ஏதோ கடையில."

"உங்க கம்பெனியில பெட்டி பெட்டியாப் பேனா கெடக்கு. அத எடுத்துக்கலியா?"

"அது எழுதாதும்மா."

"எழுதாதுன்னு உங்களவிட யாருக்குத் தெரியும்! இந்தச் சிவப்பு நாடா?"

வாட்ச்மேன் மீசையைத் தடவினார்.

"இங்க பக்கத்துல மூணு பேங்க் இருக்கு," என்று அண்ணி சபையைப் பார்த்துச் சொன்னாள். "ஒண்ணுல பேனாவுக்குச் சங்கிலி. ஒண்ணுல வெள்ளை நூல். மூணாவதுல சிவப்பு நாடா. அங்க நகைக்கடன் கவுண்டர்ல நாடா மட்டும் தொங்குது, பேனா இல்ல. 'எவனோ பல்லால கடிச்சு அறுத்துட்டுப் போயிட்டான் மேடம்'னு அந்தக் கிளார்க் கண்ணு கலங்கினான். நான் யோசிச்சேன். சம்பளமே வராத ஒரு வாட்ச்மேனுக்கு நகைக்கடன் கவுண்டர்ல பேனாக் கயித்தக் கடிச்சுத் திங்கற அளவுக்கு என்ன வேலை? நான் கேட்டாச் சொல்ல மாட்டாங்க. இன்ஸ்பெக்டரம்மா கேட்டாங்க, சொன்னாங்க."

"அந்த பேங்க்குக்கு இவர்தான் முக்கியமான வாடிக்கையாளர்," என்றார் இன்ஸ்பெக்டர். "காலையில டூட்டிக்கு வர்ற வழியில, கேரியரத் தூக்கிட்டு வருவாராம். நகைய அடகு வச்சுப் பணம் வாங்கிட்டு, காலிக் கேரியர ஆட்டிக்கிட்டு கம்பெனிக்கு வருவாராம். குடும்பச் சொத்து, பங்கு பிரிச்சதுல வந்ததுன்னு எழுதிக் குடுத்திருக்கார். போட்டோ, கைரேகை எல்லாம் இருக்கு."

முன்வரிசைக் கிழவர் எழுந்தார். "அம்மா, ஆள் மாத்திப் பேசறீங்க. மொதலாளி யாரோ பெரிய எடத்துல..."

"மொதலாளி போன் பண்ணும்போதெல்லாம் வாட்ச்மேன் எங்க இருப்பாருன்னு மேனேஜரக் கேட்டோம்," என்றாள் அண்ணி. "யோசிச்சுப் பாத்துட்டு, 'சிகரெட் வாங்க வெளிய அனுப்பியிருப்பேன்'னு சொன்னான். சொன்னதும் அவன் மூஞ்சி போன போக்கு இருக்கே! சலாம் போட்டது போனுக்கு, வாடா போடான்னது மொதலாளிய."

வாலுக்கு டின் சுட்டதுபோல இருந்தது. இந்த ஆளையா ஒன்றரை மணி நேரம் புகழ்ந்தோம்? மீசையைக்கூட விட்டுவைக்கவில்லையே!

வாட்ச்மேனின் முகத்தில் ஈரம் காய்ந்துவிட்டிருந்தது. முதுகு நிமிர்ந்தது. அதுவரை கூனிக் குறுகி நின்ற கிழட்டு மனிதன் போய், பெரிய வியாபாரி ஒருவர் வந்து நின்றார்.

"கொண்டு போய் பேங்க்ல வச்சிருக்கியே," என்றார் இன்ஸ்பெக்டர், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு. "அத்தன நகை. வித்திருக்கலாம், வீட்லயே வச்சிருக்கலாம்."

"வித்தா நகைக்கடைக்காரன் எங்க வாங்கினேன்னு குடைவான். வீட்ல வச்சாத் திருட்டு பயம்," என்றார் வாட்ச்மேன் எரிச்சலாக. "வேற எங்கங்க வைக்கச் சொல்றீங்க? கண்ட கண்ட எடத்துல குடுத்துட்டு அப்புறம் யார் லோல்படறது? லைசென்ஸ் இருக்கா, ஆடிட் இருக்கா, நாளைக்குப் போனாத் திருப்பிக் குடுப்பானான்னு பாக்க வேணாமா?"

அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் கேட்காமல் விட்ட கேள்வியை, அவர்கள் நகைக்காக, அவர்கள் சார்பில், அவர்களைக் கொள்ளையடித்தவன் மட்டும் கேட்டிருந்தான். வால் டின்னிலிருந்து எழுந்து, மூடியைத் திறந்து, சீட்டுகளை அவரவரிடம் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தான்.

பேக்கரிக்காரம்மா தன் கையில் இருந்த சீட்டோடு இன்ஸ்பெக்டரிடம் போனாள். "நகை இருக்குன்னு சொன்னீங்களே. நாளைக்குக் காலையில கெடைக்குமா?"

"பத்திரமா இருக்கும்மா. ஆனா இனி அது கேஸ். பேங்க்கும் தான் குடுத்த கடனக் கேக்கும். கோர்ட் சொல்லித்தான் கைக்கு வரும், மாசக்கணக்கு ஆகலாம். அந்தச் சீட்ட மட்டும் தொலைச்சிடாதீங்க."

அவள் வெளியே வந்து டியூஷன் சென்டர் படியில் உட்கார்ந்தாள். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தாள். வால் ஒரு படி கீழே நின்றான்.

"நாளைக்கு நான் என்ன மேடம் சொல்லுவேன்? ஏதாவது ஒரு வழி சொல்லுங்க. லாக்கர்ல இருக்கு, சாவி காணோம்னு..."

"அப்புறம் உங்களுக்கும் உள்ள இருக்கற ஆளுக்கும் என்ன வித்தியாசம்?" என்றாள் அண்ணி. குரலில் கிண்டல் இல்லை. "பேங்க்ல ஒரு கேள்வி கேட்டாங்க, ஓடி வந்துட்டீங்க. அந்தக் கேள்விதான் சுத்திச் சுத்தி உங்க வீட்டுக்கு வருது. யாரோட நகை? இன்னிக்காவது பதில் சொல்லிடுங்க. நாளைக்கு அவ பீரோவத் தெறந்து கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி."

பேக்கரிக்காரம்மா போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். விரல் எங்கோ பட்டு, ஸ்பீக்கரில் ஒலித்தது. நாத்தனார் விமான நிலையத்தில் இருந்தாள், பின்னணியில் அறிவிப்புகள். பேக்கரிக்காரம்மா அழுதுகொண்டே சொன்னாள். அடுப்பைச் சொன்னாள், பலகையைச் சொன்னாள், டணார் சத்தத்தைச் சொன்னாள், பிளைவுட்டைச் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்தபோது அந்தப் பக்கம் அறிவிப்பு மட்டும் ஒரு தடவை ஓடி முடிந்தது.

"அந்த அடுப்பு," என்றது போன் கடைசியில். அழுகையா கோபமா என்று சொல்ல முடியாத குரல். "நல்லாவாவது வேலை செய்யுதா அண்ணி?"

"செய்யுது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சிவக்குது."

"அந்த நகை எத்தன வருஷம் நைட் டூட்டி தெரியுமா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். அதுதான் அண்ணி எனக்குத் தாங்கல." மூக்கை உறிஞ்சும் சத்தம். "நகை வர்ற வரைக்கும் பேக்கரியில பாதி என்னோடது. வட்டி வேணாம். பங்கு. நாளைக்கே வந்து கல்லாவுல உக்காரப் போறேன்."

"உக்காரும்மா," என்றாள் பேக்கரிக்காரம்மா. முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். "தாராளமா உக்காரு."

"அதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி."

"கேளு."

"பேக்கரிக்காவது லைசென்ஸ் இருக்கா?"